கோடை விருந்துக்கு ஷார்கூட்டரி பலகை: எதை வாங்குவது, எதற்குப் பக்கத்தில் எதை வைப்பது

அமெரிக்காவில் ஜூலை 4 சுதந்திர நாளன்று வீட்டுத் தோட்டங்களில் கிரில் அடுப்பு மூட்டுவார்கள். கரி பிடித்து, பர்கரும் சோளக்கதிரும் வெந்து தட்டுக்கு வருவதற்குள் விருந்தாளிகளுக்கு நன்றாகப் பசித்துவிடும். அதற்காகத்தான் மேசையில் ஒரு மரப்பலகை இருக்கும். மெல்லிதாகச் சீவிய பதப்படுத்திய இறைச்சி, இரண்டு மூன்று வகை சீஸ், ஆலிவ், ஊறுகாய் வெள்ளரி, பழம், கொட்டைகள், ரொட்டி. ஆளாளுக்குக் கையில் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டே பேசுவார்கள். இதுதான் ஷார்கூட்டரி பலகை.

முதல்முறை செய்கிறவர்கள் பெரும்பாலும் இணையத்தில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, அதில் இருக்கும் இருபது பொருளையும் தேடி அலைவார்கள். அத்தனை தேவையே இல்லை. இறைச்சியும் சீஸும் உப்பையும் கொழுப்பையும் கொண்டுவருகின்றன. பலகையில் இருக்கும் மற்ற எல்லாமே அந்த உப்பையும் கொழுப்பையும் சமாளிக்க வந்தவை. ஒரு பொருளைக் கையில் எடுக்கும்போது ‘இது அங்கே என்ன வேலை செய்யப்போகிறது?’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் இல்லையென்றால் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிடலாம்.

ஷார்கூட்டரி என்பது பிரான்சில் பன்றி இறைச்சியைப் பதப்படுத்தி, சமைத்து விற்கும் தொழில். அந்தக் கடைக்கும் அதே பெயர், அங்கே விற்கும் பண்டங்களுக்கும் அதே பெயர். சீஸ் விற்பது வேறு கடை. இரண்டையும் ஒரே பலகையில் வைத்துக் கொடுக்கும் வழக்கம் பிரெஞ்சு மதுக்கூடங்களிலும் உண்டு, இத்தாலியிலும் உண்டு. ஆனால் அங்கே நாலைந்து பண்டங்களோடு நிறுத்திக்கொள்வார்கள். இத்தாலியின் எமிலியா பகுதியில் ஹாம் என்ற உப்பிட்ட பன்றித்தொடையும் சலாமி என்ற உலர் சாஸேஜும் மட்டும் ஒரு பலகையில் வரும், கூடவே பூரி மாதிரி உப்பிய, சுடச்சுடப் பொரித்த ‘நோக்கோ ஃப்ரிட்டோ’ ஒரு கூடை வரும். அவ்வளவுதான். அமெரிக்காவுக்குப் போன பிறகு பலகை பெருத்துவிட்டது. இப்போது மிட்டாயை மட்டும் அடுக்கிவிட்டுக்கூட ஷார்கூட்டரி என்கிறார்கள். அதை மிட்டாய்த் தட்டு என்றே சொன்னால் யாருக்கும் குறைந்துவிடாது.

முதலில் இறைச்சி

கிருமிகள் வளரத் தண்ணீர் வேண்டும். இறைச்சியில் உப்பைப் போட்டால் அது தண்ணீரை வெளியே இழுக்கிறது, மிச்சமிருக்கும் தண்ணீரையும் கிருமிகளுக்குப் பயன்படாமல் செய்கிறது. நம் ஊர் உப்புக்கண்டத்துக்கும் இதுதான் அடிப்படை. ஆனால் நாம் வெயிலில் சில நாட்கள் காயவைத்து, பிறகு வறுத்தோ குழம்பில் போட்டோ சாப்பிடுகிறோம். ஐரோப்பாவில் குளிரிலும் காற்றிலும் மாதக்கணக்கில் தொங்கவிட்டு, சமைக்காமலேயே சாப்பிடுகிறார்கள்.

இதில் பெயர்பெற்றது இத்தாலியின் பார்மா ஹாம், அதாவது ‘ப்ரோஷூட்டோ தி பார்மா’. பன்றியின் பின்னங்காலும் கடல் உப்பும் தவிர வேறொன்றும் சேர்க்கக் கூடாது என்பது விதி. நைட்ரைட் போன்ற பதப்பொருளுக்கும் அனுமதி இல்லை. பார்மா நகரத்துக்குத் தெற்கே உள்ள மலைப்பகுதியில், 900 மீட்டர் உயரத்துக்கு மேற்படாத இடத்தில்தான் செய்ய வேண்டும். தோல் இருக்கும் பக்கம் ஈர உப்பையும் சதைப் பக்கம் உலர்ந்த உப்பையும் தேய்ப்பார்கள். உப்பைக் கையால் அளந்து போடுவதற்கென்றே தேர்ந்த ஆள் இருப்பார். உப்பு அதிகமானால் ஹாம் கெட்டுப்போகாது, ஆனால் தின்ன முடியாது. குறைந்தால் உள்ளே அழுகிவிடும். ஆகவே உள்ளே இறங்கவேண்டிய மட்டும் இறங்க வைத்து, குளிரறையில் இரண்டு மூன்று மாதம் ஓய்வெடுக்க விடுவார்கள். அப்புறம் கழுவி, உயரமான ஜன்னல்கள் உள்ள கூடங்களில் தொங்கவிடுவார்கள். மேல்சதை காய்ந்து இறுகிவிடாமல் இருக்க, பன்றிக் கொழுப்போடு அரிசி மாவும் உப்பும் கலந்த பூச்சு ஒன்றை வெட்டுப்பக்கத்தில் பூசுவார்கள்.

கடைசியில் சோதனை. குதிரையின் எலும்பில் செதுக்கிய மெல்லிய ஊசி ஒன்றைச் சதையில் குத்தி, உடனே எடுத்து மோந்து பார்ப்பார்கள். அந்த எலும்பு வாசனையைச் சட்டென்று உறிஞ்சும், சீக்கிரமே விட்டும்விடும். அதனால் அடுத்த இடத்தில் உடனே குத்தலாம். ஒரு காலில் ஐந்து இடங்களில் இப்படிச் செய்வார்கள். மணம் சரியாக இருந்தால்தான் ஐந்து முனை கொண்ட கிரீட முத்திரையைத் தோலில் சூடுபோடுவார்கள். உப்புப் போட்ட நாளிலிருந்து ஒரு வருஷத்துக்கும் மேல் ஆகியிருக்கும். அதற்குள் கால் தன் எடையில் கால் பங்குக்கும் மேல் இழந்திருக்கும். விலை ஏன் அப்படி என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இந்த ஹாம் ஒரு காலத்தில் அமெரிக்காவில் கிடைக்கவே கிடைக்காது. 1967-ல் இத்தாலியில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவியதும் அமெரிக்கா அந்த நாட்டுப் பன்றி இறைச்சிக்குத் தடை போட்டது. பார்மா ஹாம் திரும்ப உள்ளே வந்தது 1989-ல். பிஸ்தாவும் கொழுப்புத் துண்டுகளும் பதித்த மொர்ட்டதெல்லா என்ற வேகவைத்த பெரிய சாஸேஜ் வர 2000 ஆகிவிட்டது. இன்றைக்குச் சாதாரண சூப்பர் மார்க்கெட்டிலேயே இரண்டும் பாக்கெட்டில் தொங்குகின்றன.

வாங்கும்போது பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். வாயில் எப்படி இருக்கும் என்பதை வைத்து மூன்று குடும்பமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, முழுத் தசையை உப்பிட்டு உலர்த்தியது. ப்ரோஷூட்டோ, ஸ்பெயினின் ஹமோன், பிரான்சின் பையோன் ஹாம் எல்லாம் இதில் வரும். காகிதம்போலச் சீவினால் நாக்கில் கரையும், தடித்தால் நார்நாராக மென்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். அமெரிக்கத் தயாரிப்பே வேண்டுமென்றால் வர்ஜீனியா, கென்டக்கி பக்கத்து ‘கன்ட்ரி ஹாம்’ இருக்கிறது. அங்கே வழக்கமாக அதைப் பொரித்துச் சாப்பிடுவார்கள். நீண்ட நாள் முதிரவைத்து, சமைக்காமல் சாப்பிடலாம் என்று லேபிளில் போட்டிருப்பதை மட்டும் பலகைக்கு வாங்குங்கள்.

இரண்டு, சலாமி குடும்பம். கொத்திய இறைச்சியோடு கொழுப்பு, உப்பு, மசாலா சேர்த்துக் குடலில் அடைத்துப் புளிக்க வைப்பார்கள். தயிரைப் புளிக்க வைக்கிற அதே இனத்து பாக்டீரியாக்கள் இங்கேயும் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும். சலாமியின் மெல்லிய புளிப்பு அதிலிருந்து வருவது. மேலே வெள்ளையாகப் பொடிபோல் படிந்திருப்பது நல்ல பூஞ்சை, பயப்பட வேண்டாம். டஸ்கனியின் ‘ஃபினோக்கியோனா’ என்ற சலாமியில் சோம்பு போட்டிருப்பார்கள். நம் நாக்குக்குச் சட்டென்று பிடித்துப்போகும், முதல் சலாமியாக அதையே சொல்வேன். காரம் கேட்பவர்களுக்கு ஸ்பெயினின் சொரீஸோ.

மூன்று, வேகவைத்ததும் தடவுவதும். மொர்ட்டதெல்லா, ஈரலை அரைத்துச் செய்யும் பாட்டே, கொழுப்பிலேயே மெதுவாக வேகவைத்து உதிர்த்த ரியெட். ரொட்டியில் தடவிச் சாப்பிட அருமையானவை. ஆனால் வெயிலில் முதலில் கெடுவதும் இவைதான். தோட்டத்து விருந்துக்குப் பாட்டேயை விட்டுவிடுங்கள், டிசம்பரில் வீட்டுக்குள் சாப்பிடலாம்.

குடும்பத்துக்கு ஒன்று வீதம் இரண்டு, அதிகம் போனால் மூன்று வகை போதும். கடையில் ஒரு எச்சரிக்கை: எல்லாவற்றையும் அப்படியே சாப்பிட முடியாது. மெக்சிகோ வகை சொரீஸோ பச்சை இறைச்சி, கட்டாயம் சமைக்க வேண்டும். அமெரிக்க பேக்கனும் பச்சைதான். பன்றியின் வயிற்றுப் பகுதியை உப்பிட்டுச் செய்யும் இத்தாலியப் பான்செட்டாவையும் பெரும்பாலும் சமையலுக்கென்றுதான் விற்கிறார்கள். பாக்கெட்டில் ‘உடனே உண்ணத் தயார்’ என்ற பொருளில் வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கடைக்காரரைக் கேட்டுவிடுங்கள்.

சீஸ், அதில் ஒளிந்திருக்கும் ஒரு விஷயம்

சீஸுக்கும் இதே முறைதான்: கெட்டியாக ஒன்று, நடுத்தரமாக ஒன்று, மென்மையாக ஒன்று. கெட்டியில் பார்மிஜானோ ரெஜ்ஜானோ, நாட்பட்ட கௌடா. நடுத்தரத்தில் செடார் அல்லது ஸ்பெயினின் லா மான்ச்சா பகுதியில் செம்மறி ஆட்டுப்பாலில் செய்யும் மான்செகோ. மென்மையில் பிரீ அல்லது கமம்பேர். நீலப் பூஞ்சை ஓடிய ரோக்ஃபோர், ஸ்டில்டன் வகைகளுக்கு அடிமையானவர்களும் உண்டு, மணம் பட்டாலே எழுந்து போகிறவர்களும் உண்டு. வைப்பதானால் தனிச் சிறு தட்டில், தனிக் கத்தியோடு வையுங்கள். ஒரே கத்தியைப் போட்டால் அரை மணி நேரத்தில் எல்லா சீஸும் ரோக்ஃபோர் ஆகிவிடும்.

பார்மிஜானோவும் பார்மா ஹாமும் ஒரே மண்ணின் பண்டங்கள். சீஸ் செய்யும்போது மிஞ்சும் மோர்த்தண்ணீரைத்தான் அந்தப் பன்றிகளுக்குத் தீவனத்தோடு கொடுக்கிறார்கள். ஒன்றின் கழிவு இன்னொன்றின் கொழுப்பாகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறு யோசனையே வேண்டாம்.

சைவ விருந்தாளிகள் இருந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாலைத் திரிய வைக்க ரென்னெட் என்ற நொதி தேவை. பாரம்பரியமாக அதைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கிறார்கள். பார்மிஜானோவில் கன்றின் ரென்னெட்தான் போட வேண்டும் என்பது விதியே. கிரூயேர், கோம்தே, ரோக்ஃபோர் எல்லாம் இப்படித்தான். பால் பொருள்தானே என்று சைவர்களுக்கு இவற்றை எடுத்து நீட்டிவிடக் கூடாது. நுண்ணுயிர் அல்லது தாவர ரென்னெட் என்று லேபிளில் போட்ட சீஸ்கள் எல்லாக் கடையிலும் உண்டு, செடாரிலும் கௌடாவிலும் சுலபமாகக் கிடைக்கும். போர்ச்சுகலின் செர்ரா த எஸ்த்ரெலா போன்ற சில பழைய சீஸ்களில் கார்டூன் என்ற முட்செடியின் பூவைப் போட்டுத்தான் பாலைத் திரிய வைக்கிறார்கள்.

சைவர்களுக்குத் தனிப் பலகை வையுங்கள். ஒரே பலகையின் இரண்டு முனை என்று வைத்தால் கடைசியில் ஒரு சலாமித் துண்டு சீஸின் மேல் ஏறிப் படுத்திருக்கும்.

உப்பை உடைப்பவை

இனி மற்றதெல்லாம் சுலபம், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது.

இனிப்பு உப்பைத் தணிக்கும். இத்தாலியில் கோடை வந்தாலே ப்ரோஷூட்டோவும் முலாம்பழமும்தான். பழத்தை நீளக் கீற்றுகளாக நறுக்கி, ஹாமை மேலே போர்த்திவிடுவார்கள். சமையலே கிடையாது. உப்பான, கொழுப்பான, மெல்லிய ஒன்றும், குளிர்ந்த, சாறுள்ள, இனிப்பான ஒன்றும் ஒரே கடியில் வருகின்றன. பலகை முழுவதும் எப்படி வேலை செய்ய வேண்டும் என்பதற்கு இந்த ஒரு கடியே போதிய பாடம். ஜூலையில் அமெரிக்காவில் செர்ரி, பீச், புளூபெர்ரி எல்லாம் பருவத்தில் இருக்கும். கோடைக் கடைசியில் அத்திப்பழம் வந்துவிட்டால் முலாம்பழத்தைக்கூட மறந்துவிடலாம். ஸ்பெயினில் மான்செகோவோடு குயின்ஸ் என்ற சீமை மாதுளம்பழத்தைக் காய்ச்சிச் செய்த ‘மெம்ப்ரியோ’ என்ற கெட்டி ஜாமை வைப்பார்கள். கிடைக்காவிட்டால் அத்தி ஜாம், தேன், எதுவானாலும் சரி.

புளிப்பு கொழுப்பை வெட்டும். சலாமியை நாலு துண்டு தின்றதும் நாக்கில் ஒரு படலம் படியும். சுண்டுவிரல் நீளத்துக்கும் குறைவான கொர்னிஷோன் என்ற வினிகர் வெள்ளரி ஒன்றைக் கடித்தால் அது போய்விடும். வினிகரில் ஊறிய வெங்காயமும் இதைச் செய்யும். பிரெஞ்சுக்காரர்கள் திஜோன் கடுகு விழுது இல்லாமல் ஷார்கூட்டரி சாப்பிடமாட்டார்கள், அதன் காரமும் புளிப்பும் இதே வேலைக்குத்தான். ஆலிவ் பாதிப் புளிப்பு பாதி உப்பு, கொஞ்சமாக வையுங்கள். நம் எலுமிச்சை ஊறுகாயை வைக்கலாமா என்று தோன்றும். புளிப்பு இருக்கிறதுதான், ஆனால் அதுவே உப்பும் எண்ணெயுமாக இருப்பதால் பாரம் கூடிவிடுகிறது. இனிப்பு மாங்காய் சட்னி வேறு கதை. ஆங்கிலேயர்கள் செடாரோடு அதை நெடுநாளாகச் சாப்பிட்டு வருகிறார்கள், பொருத்தமாகவே இருக்கும்.

மொறுமொறுப்புக்கு வறுத்த பாதாம், பிஸ்தா, வால்நட். தாங்குவதற்கு ரொட்டியும் கிராக்கரும். கிராக்கரில் பூண்டு, மிளகு, ரோஸ்மேரி என்று ஏற்கெனவே ஏகப்பட்டது இருந்தால் இறைச்சியின் ருசி தெரியாது. வெறும் கிராக்கரும் ஒரு நீள பாகெட் ரொட்டியும் போதும்.

வெயில்தான் எஜமான்

குளிர்காலத்துப் பலகைக்கும் கோடைப் பலகைக்கும் உள்ள வித்தியாசம் பழத்தில் இல்லை, நேரத்தில்தான் இருக்கிறது. கெடக்கூடிய உணவை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்கிறது அமெரிக்க வேளாண்மைத் துறை. வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது ஒரு மணி நேரமாகக் குறைகிறது. ஜூலை மாதத் தோட்டத்தில் 32 டிகிரி ஒன்றும் அதிசயமில்லை.

‘உப்புப் போட்டு உலர்த்தியதுதானே, கெடாதே’ என்று கேட்கலாம். முழுசாக இருக்கும்வரை சரி. வெட்டாத உலர் சலாமி அறை வெப்பத்தில் நன்றாகவே இருக்கும். மெல்லிதாகச் சீவியதும் கதை மாறுகிறது. ஒவ்வொரு துண்டின் இரண்டு பக்கமும் காற்றுக்கும் கத்திக்கும் பத்துப் பேர் விரலுக்கும் திறந்து கிடக்கிறது. கெடுவதற்கு முன்பே ருசி போய்விடும் என்பது அடுத்தது. சலாமியின் கொழுப்பு உருகி மேலே மினுமினுக்கும், ப்ரோஷூட்டோவின் ஓரம் காய்ந்து சுருளும், செடார் வியர்த்து எண்ணெய் விடும், பிரீ பலகையைவிட்டு இறங்கி நடக்கத் தொடங்கும்.

இதற்கு வழி, ஒரே பெரிய பலகையாக வைக்காமல் இரண்டு சிறு பலகையாக வைப்பது. ஒன்று மேசையில் இருக்கும்போது இன்னொன்று மூடி ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். முதலாவது காலியானதும் அல்லது முக்கால் மணி நேரம் ஆனதும் மாற்றிவிடுங்கள். பார்ப்பதற்கும் எப்போதும் புதிதாகவே இருக்கும். இரண்டாவதை எடுக்கும்போது முதலாவதில் மிஞ்சியதை அதன்மேல் கொட்டக் கூடாது. பெரிய பலகை நிரம்பி வழியும் படங்களைப் பார்த்து மயங்காதீர்கள், அவை படம் எடுக்கும் பத்து நிமிஷத்துக்காக அடுக்கியவை.

மேசையை மர நிழலில் போடுங்கள். நிழல் நகரும், ஐந்து மணிக்கு நிழலாக இருந்த இடம் ஆறு மணிக்கு வெயிலாகிவிடக்கூடும், அதை முதல் நாளே பார்த்து வையுங்கள். மரத்துக்குப் பதிலாகப் பளிங்குக் கல் அல்லது ஸ்லேட் பலகை இருந்தால் ஒரு மணி நேரம் முன்பே ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் கொஞ்ச நேரம் குளிர்ச்சியைப் பிடித்து வைத்திருக்கும். ஈக்களுக்கு வலைமூடி ஒன்று வேண்டும். சீஸைச் சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வை என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அது குளிர்நாட்டு வீட்டுக்குள் சரி. கோடையில் இருபது நிமிஷம் யதேஷ்டம். சீஸ் தேர்விலேயே வெயிலை மனதில் வைத்தால் இன்னும் நல்லது. மான்செகோ, நாட்பட்ட கௌடா, பார்மிஜானோ எல்லாம் தாங்கும். புராட்டா, ஃப்ரெஷ் மொஸரெல்லா போன்ற ஈரமான இளம் சீஸ்கள் வேண்டாம்.

எவ்வளவு வாங்குவது

பிறகு சாப்பாடு இருக்கிறது என்றால் ஆளுக்கு 60 கிராம் இறைச்சி, 60 கிராம் சீஸ் போதும். பலகையே இரவு உணவு என்றால் இதை இரட்டிப்பாக்குங்கள். பத்துப் பேருக்கு, கிரிலுக்கு முன்னால் என்று வைத்துக்கொண்டால் 600 கிராம் இறைச்சி. அதில் ப்ரோஷூட்டோ 250 கிராம், ஃபினோக்கியோனா 200 கிராம், மொர்ட்டதெல்லா 150 கிராம் என்று பிரிக்கலாம். சீஸிலும் மூன்று வகையில் 200, 200, 200. ஒரு முலாம்பழம், அரைக் கிலோ செர்ரி, ஒரு சிறு ஜாடி கொர்னிஷோன், ஒரு கடுகு விழுது, இரண்டு கைப்பிடி பாதாம், இரண்டு பாகெட், ஒரு பாக்கெட் கிராக்கர். முடிந்தது. வழக்கமாக வாங்குவது இதற்கு இரண்டு பங்கு இருக்கும், மிஞ்சுவதும் அதனால்தான்.

கடையிலேயே சீவித் தருகிற கவுன்டர் இருந்தால் பாக்கெட்டைவிட அதுவே மேல். காலையில் சீவி வாங்கினால் மாலைக்கு நன்றாக இருக்கும். துண்டுகளுக்கு நடுவே தாள் போட்டுத் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ப்ரோஷூட்டோ ஒரே கட்டியாக ஒட்டிக்கொள்ளும்.

அடுக்குவது

முதலில் கிண்ணங்கள். கடுகு, ஜாம், கொர்னிஷோன் என்று ஈரமாக இருப்பவை எல்லாம் சின்னக் கிண்ணத்தில் போய்விட வேண்டும், இல்லையென்றால் வினிகர் ஓடி எல்லாவற்றையும் நனைக்கும். கிண்ணங்களை ஒரே கோட்டில் வைக்காமல் மூன்று மூலைக்குத் தள்ளுங்கள். அடுத்து சீஸ், ஒன்றுக்கொன்று தள்ளி. சிறிது வெட்டியும் மிச்சத்தை முழுசாகவும் வையுங்கள். முழு முக்கோணமாக வைத்தால் முதல் வெட்டு வெட்ட எல்லோரும் தயங்குவார்கள். மொத்தமும் வெட்டிவிட்டால் காய்ந்துவிடும். பார்மிஜானோவைச் சீவக் கூடாது. குட்டைக் கத்தியின் முனையைக் குத்தி லேசாக நெம்பினால் தானே கரடுமுரடாகப் பிளந்து வரும், உப்புமணிபோல நறநறக்கும் படிகங்கள் அந்தப் பிளவில்தான் தெரியும்.

இப்போது இறைச்சி. ப்ரோஷூட்டோவை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனே பிரித்தால் கிழியும், ஐந்து நிமிஷம் பொறுங்கள். துண்டின் ஒரு ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துத் தாளிலிருந்து மெதுவாக உரித்து, பலகைக்கு மேலே தூக்கிப் பிடித்து, அப்படியே தளர விடுங்கள். துணி விழுவதுபோல மடிந்து மடிந்து விழும். அப்படியே விட்டுவிடலாம், சரிசெய்ய வேண்டாம். நடுவில் காற்று இருப்பதால் ஒட்டாது, ஒருவர் ஒன்றை எடுத்தால் அடுத்தது கூடவே வராது. ஓரத்து வெள்ளைக் கொழுப்பை வெட்டி எறியாதீர்கள், ருசியே அங்கேதான். சலாமி வட்டங்களைப் பாதியாகவும் அதை மறுபடி பாதியாகவும் மடித்து நெருக்கமாக நிறுத்தினால் தானே நிற்கும். ஒயின் கிளாஸ் விளிம்பில் சலாமியைச் சுற்றி ரோஜாப்பூ செய்யும் வித்தை ஒன்று இணையத்தில் பிரபலம். எனக்கு அதில் பிடிப்பில்லை. பத்து விரலும் பட்டு, கொழுப்பு இளகி, கடைசியில் பூவைக் கலைக்க மனசில்லாமல் யாரும் தொடாமலே போகும்.

பழங்களை இறைச்சிக்குப் பக்கத்தில் செருகுங்கள். வெட்டிய முலாம்பழம் தண்ணீர் விடும், ஆகவே அதைத் தனித் தட்டிலோ கடைசி நிமிஷத்திலோ வையுங்கள். கொட்டைகளால் இடைவெளிகளை நிரப்பலாம். ரொட்டியும் கிராக்கரும் பலகைக்கு வெளியே, கூடையில். ஈரம் பட்ட கிராக்கரை யாரும் இரண்டாம் முறை எடுக்கமாட்டார்கள். ஒவ்வொரு இறைச்சிக்கும் ஒரு சிறு முள்கரண்டியோ இடுக்கியோ போட்டுவிட்டால் விரல்கள் கொஞ்சம் அடங்கும்.

குடிக்க, எமிலியாக்காரர்கள் லாம்ப்ருஸ்கோ என்ற நுரைக்கும் சிவப்பு ஒயினைக் குளிரக் குளிர ஊற்றுவார்கள். குடிக்காதவர்களுக்கு எலுமிச்சை பிழிந்த சோடா கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும், உப்பு போடாமல்.

யாருக்கு எது ஆகாது

அழைக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது. பன்றி சாப்பிடாதவர்களுக்கு இத்தாலியின் வல்டெல்லினாவில் மாட்டிறைச்சியில் செய்யும் ப்ரெஸவோலா இருக்கிறது. அதைவிட எனக்குப் பிடித்தது துருக்கியின் பாஸ்தர்மா. வெந்தயப் பொடி, பூண்டு, மிளகாய் அரைத்த விழுதைத் தடிமனாக அப்பி உலர்த்திய மாட்டிறைச்சி அது, திறந்ததுமே வெந்தய வாசனை தூக்கும். ஹலால் வேண்டுமென்றால் முத்திரையைப் பார்த்து வாங்குங்கள், மாட்டிறைச்சி என்பது மட்டும் போதாது.

கர்ப்பிணிகளுக்கு லிஸ்டீரியா என்ற பாக்டீரியா ஆபத்தானது. அது ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரும். அதனால் சீவிய குளிர் இறைச்சி, பாட்டே, காய்ச்சாத பாலில் செய்த மென்மையான சீஸ் எல்லாவற்றையும் தவிர்க்கச் சொல்கிறார்கள். பாஸ்டரைஸ் செய்த பாலில் செய்த செடார், பழம், கொட்டை என்று அவர்களுக்கு ஒரு தட்டை முன்பே எடுத்து வைத்துவிடலாம். ஒரு வயசு ஆகாத குழந்தைக்குத் தேன் கூடாது. சின்னக் குழந்தைகள் ஓடியாடும் வீடானால் திராட்சையை நீளவாக்கில் நறுக்கி, செர்ரியின் கொட்டையை எடுத்துவிடுங்கள். கொட்டை ஒவ்வாமை உள்ளவர் வருகிறார் என்றால் மொர்ட்டதெல்லாவிலும் பிஸ்தா இருக்கக்கூடும் என்பது நினைவிருக்கட்டும். அப்புறம், இது விருந்துச் சாப்பாடு. பதப்படுத்திய இறைச்சி பெருங்குடல் புற்றுநோய்க்குக் காரணமாகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் வகைப்படுத்தியது. ஆபத்து எவ்வளவு கூடும் என்று அது சொன்ன கணக்கு தினமும் 50 கிராம் சாப்பிடுவதை வைத்து. வருஷத்தில் சில மாலைகளோடு நிறுத்திக்கொள்வோம்.

மேசையில் வெயிலில் கிடந்ததை மறுபடி ஃப்ரிட்ஜில் வைத்துக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், குப்பைதான். ஃப்ரிட்ஜைவிட்டு வெளியே வராத மிச்சம் இருந்தால் அது மறுநாளைக்கு. ப்ரோஷூட்டோ ஓரங்களைப் பொடியாக நறுக்கி, எண்ணெய் இல்லாமல் வாணலியில் மொறுமொறுவென்று வறுத்து முட்டைப் பொரியலில் தூவலாம். பார்மிஜானோவின் கெட்டித் தோலைத் தூக்கிப் போட வேண்டாம். அடுத்த முறை பீன்ஸ் சூப் வைக்கும்போது ஒரு துண்டைப் போட்டு முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, பரிமாறுவதற்கு முன் எடுத்துவிடுங்கள். உப்பைக் கடைசியில் பார்த்துப் போடவும், அது தன் பங்கை ஏற்கெனவே விட்டிருக்கும்.